“பெட்டி கேஸ்தானே, ஒத்துக்கிட்டுப் போயிடலாம்!”

“கோர்ட் படி ஏறாதவன் கொடுத்து வைத்தவன்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, தாராவியிலும் சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் குடியேறிவிட்ட நம் குடும்பங்களுக்கு இந்தப் பயம் இன்னும் கொஞ்சம் அதிகம். மொழி வேறு, ஊர் வேறு, போலீஸ் வேறு. அதனால் ஏதாவது சின்ன வழக்கு வந்துவிட்டால் எப்படியாவது அன்றைக்கே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் மனது அடித்துக்கொள்ளும்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மும்பையின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்து வருகிறேன். இங்கே நான் அதிகம் கேட்டிருக்கும் தமிழ் வாக்கியம், “பெட்டி கேஸ்தானே சார், ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்” என்பதுதான். ஐந்நூறு ரூபாயோடு முடிந்துவிட்டதாக அவர்கள் நினைப்பார்கள். உண்மையில் சில விஷயங்கள் அன்றுதான் தொடங்கும். சின்ன வழக்குகளை எப்படி எதிர்கொள்வது, அவை எத்தனை காலம் நம்மைத் தொடரும் என்பதை நம் சங்கக் குடும்பங்களுக்குப் புரியும்படி சொல்லவே இந்தக் கட்டுரை.

எது சின்ன வழக்கு?

முதலில் ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துள்ளன. பழைய 323, 279, 504 போன்ற எண்களே நம் வாயில் வருகின்றன. ஆனால் இன்றைய சம்பவத்துக்குப் போடப்படும் எஃப்.ஐ.ஆரில் புதிய எண்கள்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் ‘நடைமுறைச் சட்டம்’ என்று நான் சொல்வது புதிய சட்டத்தையே.

மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கான வழக்கு ‘வாரண்ட் கேஸ்’. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ‘சம்மன் கேஸ்’. நாம் பெட்டி கேஸ் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையில் வரும். சில உதாரணங்கள்:

கைகலப்பில் ஒருவருக்குச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது (நியாய சன்ஹிதா 115(2)): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடத்தில் சண்டை போட்டு அமைதியைக் கெடுப்பது (194): ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது (281): ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு: முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மும்பைக்காரர்கள் தினமும் செய்யும் இன்னொன்று, தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் இதுவும் ஒரு குற்றம்.

இவற்றில் எதையும் ‘கிரிமினல்’ என்று நாம் நினைப்பதில்லை. சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அளவு சின்னதாக இருக்கலாம். ஆனால் மாஜிஸ்திரேட் தீர்ப்பு எழுதிவிட்டால் அதற்கும் ‘குற்றத் தீர்ப்பு’ என்றுதான் பெயர்.

என்.சி., சாப்டர் கேஸ், எஃப்.ஐ.ஆர்.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ‘என்.சி.’ என்பது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் பற்றிய பதிவு. சாதாரணக் காயம், திட்டுவது போன்றவை இந்த வகை. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதில் விசாரணை நடத்த முடியாது. என்.சி. பதிவாகிவிட்டது என்பதாலேயே நீங்கள் குற்றவாளி இல்லை. கோர்ட்டில் உங்கள் மீது வழக்கு இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

‘சாப்டர் கேஸ்’ என்பது தண்டனைக்கான வழக்கே அல்ல. அமைதிக்குப் பங்கம் வரலாம் என்று போலீஸ் கருதினால், நிர்வாக நடுவர் முன்னால் நிறுத்தி, ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவது. மும்பையில் இந்த அதிகாரம் போலீஸ் அதிகாரிகளிடமே இருக்கிறது. இதுவும் குற்றத் தீர்ப்பு ஆகாது. ஆனால் இதற்கும் ஒரு வால் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆர். என்பது போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றத்தின் முதல் தகவல். விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போய், மாஜிஸ்திரேட் அதைக் கையிலெடுத்த பிறகுதான் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பொருள்.

இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ஒரு கேள்வி

சம்மன் கேஸில் நீங்கள் ஆஜரானதும் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார். நடைமுறைச் சட்டத்தின் 274-ஆம் பிரிவு இது. ஒப்புக்கொண்டால், கூடுமானவரை நீங்கள் சொன்ன சொற்களிலேயே அதைப் பதிவு செய்து, 275-ஆம் பிரிவில் அப்போதே தண்டிக்கலாம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கூட்டமான கோர்ட்டில் இந்த ஐந்து நிமிடம் எப்படி நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். வரிசையாக இருபது பேர் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் தலையாட்டினால் பின்னால் நிற்பவரும் ஆட்டுவார். கேள்வி மராத்தியிலோ ஹிந்தியிலோ வரும். நம்மவர் பாதி புரிந்து, “ஹாங் சாப்” என்பார். வெளியே வந்து பணம் கட்டி ரசீது வாங்கி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வார். அந்த ரசீதை டிராஃபிக் சலான் போல நினைக்கிறார். அது ஒரு குற்றத் தீர்ப்பின் ரசீது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சிக்னல் தாண்டியதற்கு வரும் மின்னணுச் சலானைக் கட்டுவது, சட்டம் அனுமதிக்கும் ஒரு சமரசத் தொகையைக் கட்டுவது. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது தண்டனை. இரண்டிலும் பையிலிருந்து போவது பணம்தான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் போகலாமே என்று கேட்பார்கள். அங்கேயும் கதவு முக்கால்வாசி மூடிவிடும். 416-ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் அந்தத் தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்று மட்டுமே அப்பீலில் கேட்கலாம். “நான் செய்யவே இல்லை” என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

வால் எங்கே வந்து நிற்கும்?

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பையனுக்கு அப்போது இருபது வயது. கணபதி ஊர்வலத்தில் இரண்டு கோஷ்டிக்குள் தள்ளுமுள்ளு. பொது இடத்தில் சண்டை போட்டதாகப் பத்துப் பேர் மீது வழக்கு. பையன் சண்டையை விலக்கப் போனவன். “ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போயிடும், ஒத்துக்கிட்டு வந்துடுடா” என்று அப்பா சொல்ல, அவனும் அபராதம் கட்டிவிட்டு வந்துவிட்டான். நாலு வருஷம் கழித்து மத்திய அரசு வேலைக்குத் தேர்வானான். சேரும்போது நிரப்பும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று எழுதினான். காரணம், அவன் மனதில் அப்படி ஒரு வழக்கே இல்லை. போலீஸ் விசாரணை அறிக்கை வந்ததும் வேலை போய்விட்டது. அபராதத்தைவிட, அந்த “இல்லை” என்ற சொல்தான் அவனைப் பெரிதாக அடித்தது. அந்த அப்பா என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

மத்திய அரசுப் பணிக்கான அந்தச் சான்றுறுதிப் படிவத்தின் கேள்விகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். “தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா” என்று மட்டும் அது கேட்காது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, நன்னடத்தைப் பத்திரம் வாங்கப்பட்டதா, கோர்ட்டில் அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டனை பெற்றீர்களா என்று தனித்தனியாகக் கேட்கும். நன்னடத்தைப் பத்திரம் என்பதில்தான் சாப்டர் கேஸின் வால் இருக்கிறது. அபராதம் என்பதில் பெட்டி கேஸ் அப்படியே மாட்டிக்கொள்கிறது.

“பம்பாயில போட்ட கேஸ் ஊர்ல தெரியவா போகுது?” என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. 2009-இல் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். என்ற திட்டத்தில் நாடு முழுக்கக் காவல் நிலையங்களின் பதிவுகள் கணினியில் இணைக்கப்பட்டுவிட்டன. திருநெல்வேலி முகவரியில் விண்ணப்பித்தாலும் இங்குள்ள பதிவு கண்ணில் படக்கூடும்.

பாஸ்போர்ட் விஷயம் தனி. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்று ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு பாஸ்போர்ட் மறுக்கலாம். சின்ன அபராதம் இதில் வராது. ஆனால் கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தாலே மறுக்கலாம் என்று இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. அதற்கு மாற்று வழியும் உண்டு. 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். கோர்ட் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத் தருவார்கள். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது அதுவே தனிக் குற்றம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கப்படும். அமெரிக்க விசா படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றே கேட்கிறது. தனியார் கம்பெனிகளும் இப்போது ஆள் வைத்துக் கோர்ட் பதிவுகளைத் தேடிப் பார்க்கின்றன. குற்றப் பதிவைச் சில ஆண்டுக்குப் பிறகு தானாக அழித்துவிடும் பொதுச் சட்டம் எதுவும் பெரியவர்களுக்கு நம் நாட்டில் இல்லை.

ஊரில் போலீஸ் வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தமிழகக் காவல்துறை விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரையும் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத இடமிருக்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இந்த விதியைப் பரிசீலித்துத் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது விடுதலை ஆனால் மட்டும் போதாது. எப்படி விடுதலை ஆனோம் என்பதும் எண்ணப்படும்.

காவல் நிலையத்தில்

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது என்பது வழக்கமாக இருக்கக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது தேவையில்லை என்றால் போலீஸ் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். இன்று அது 35(3)-ஆம் பிரிவு. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணமாகிவிடும். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், அறுபது வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. இது புதிய சட்டம் தந்த பாதுகாப்பு. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் நினைவில் வையுங்கள்.

கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. “சாப், தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ எழுதிக் குடுங்க” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அது நம் உரிமை.

விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. போட வைக்கவும் கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. கைது குறிப்பில் கையெழுத்துக் கேட்பார்கள். அது வேறு, படித்துப் பார்த்துப் போடலாம். வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். கையெழுத்துதான் தலையெழுத்து என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல.

ஜாமீனும் நம் ஊர்க்காரரும்

மேலே சொன்ன சின்னக் குற்றங்கள் பெரும்பாலும் ஜாமீனில் விடக்கூடியவை. அவற்றில் ஜாமீன் உரிமை, சலுகை அல்ல. நமக்குச் சிக்கல் வருவது ஜாமீன்தாரரில்தான். “லோக்கல் ஆள் கொண்டு வா” என்பார்கள். நமக்கு வீடும் நிலமும் ஊரில் இருக்கும்.

இதற்கு நம் கையில் ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. 1978-இல் மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்தார். ஒரு மலையாளியோ தமிழனோ கன்னடக்காரனோ டில்லி சாந்தினி சவுக்கிலோ போர்ட் பிளேரிலோ பிடிபட்டால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று, நம்மைப் பெயர் சொல்லியே கேட்டார். வேறு மாவட்டத்து ஜாமீன் என்பதற்காக மறுப்பது தவறு என்றார். வசதியில்லாதவரைச் சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. இவ்வளவு இருக்கும்போது, ஜாமீன் கிடைக்காது என்று பயந்து குற்றத்தை ஒப்புக்கொள்வது வீண்.

கோர்ட்டில் என்ன செய்யலாம்?

“நான் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கை நடத்துகிறேன்” என்று சொன்னால் மாஜிஸ்திரேட் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் பயப்படுகிறார்கள். கோபிக்க அதில் ஒன்றும் இல்லை. தினமும் கேட்கும் பதில்தான். மொழி புரியாவிட்டால், “கேள்வி புரியவில்லை, மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்” என்று முதலிலேயே சொல்லுங்கள். சாட்சியம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், புரியும் மொழியில் கோர்ட்டிலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது 314-ஆம் பிரிவு.

அடுத்தது காகிதங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை நகல் இரண்டும் உங்களுக்கு இலவசமாக வர வேண்டியவை. சம்பவம் நடந்த வாரத்திலேயே அருகிலிருந்த கடையின் கேமரா பதிவைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் சில நாளில் அழிந்துவிடும். உங்களுக்கும் அடி பட்டிருந்தால் அன்றே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்குங்கள்.

காலக்கெடுவையும் பாருங்கள். அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை உள்ளதற்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை உள்ளதற்கு மூன்றாண்டு. அதற்குப் பிறகு, தாமதத்தைத் தகுந்த காரணத்தோடு மன்னித்தால் ஒழிய, கோர்ட் அந்த வழக்கைக் கையிலெடுக்கக் கூடாது.

இனி வழக்கை முடிக்கும் வழிகளைப் பார்ப்போம். நல்லதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, குற்றச்சாட்டில் ஆதாரமே இல்லை என்றால் காரணத்தை எழுதி விடுவிக்கும் அதிகாரம் 274-ஆம் பிரிவிலேயே இப்போது மாஜிஸ்திரேட்டுக்கு இருக்கிறது. பழைய சட்டத்தில் சம்மன் கேஸுக்கு இந்த வசதி இல்லை. உங்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

இரண்டு, சமரசம். சாதாரணக் காயம், திட்டுவது போன்ற சில குற்றங்களை 359-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரோடு ராஜியாகி முடிக்கலாம். இப்படி முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலை. அக்கம்பக்கத்துச் சண்டைக்கெல்லாம் இதுவே சிறந்த மருந்து. ஆனால் பொது இடச் சண்டை, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது போன்றவை இந்தப் பட்டியலில் இல்லை. லோக் அதாலத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது சமரசமா, குற்ற ஒப்புதலா?” பதில் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்று, உயர் நீதிமன்றத்தில் 528-ஆம் பிரிவில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பது. சமரசப் பட்டியலில் இல்லாத, தனிப்பட்ட தகராறு போன்ற வழக்குகளையும் இரு தரப்பும் இணங்கினால் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. செலவு உண்டு, வேலையோ படிப்போ பணயமாக இருந்தால் அந்தச் செலவு பெரிதல்ல.

நான்கு, வழக்கை நடத்தி விடுதலை பெறுவது. வாய்தா வாய்தாவாக இழுக்கும் என்பது உண்மை. ஒவ்வொரு முறையும் நேரில் வர முடியாதவர்கள், வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம்.

ஐந்து, உண்மையிலேயே தவறு செய்திருந்தால்? செய்த தப்பை மறுத்துப் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வதானால், அபராதம் கட்டும் முன் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தைக் கேளுங்கள். முன்பு தண்டனை பெறாதவரை, இரண்டு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில், 3-ஆம் பிரிவின்படி எச்சரித்து விட்டுவிடலாம். 4-ஆம் பிரிவின்படி நன்னடத்தைப் பத்திரத்தில் விடலாம். இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் குற்றத் தீர்ப்பு என்ற உண்மை அழிவதில்லை. ஏற்கனவே அரசுப் பணியில் இருப்பவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழுக் குடையில்லை என்றாலும் அபராதத்தைவிட இது எவ்வளவோ மேல். கேட்டால்தான் கிடைக்கும், பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்

பையன் சின்னவன் என்றால் கதையே வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்க வேண்டும். சின்னக் குற்றங்களில் பெரியவர்கள் யாரும் கூட்டுச் சேராவிட்டால் எஃப்.ஐ.ஆரே போடுவதில்லை. குற்றம் நிரூபணமானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பதிவுகளையும் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். “பதினெட்டுன்னு சொல்லிடு, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

மறைக்கலாமா?

கடைசியாக எல்லோரும் கேட்பது இது. என் பதில்: படிவம் கேட்டதை உள்ளபடி எழுதுங்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாக அலசியது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால்கூட, அதை மன்னிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றது. 2011-இல் டில்லி போலீஸ் வேலை கேட்ட ஓர் இளைஞருக்கும் உச்ச நீதிமன்றம் இரங்கியது. சமரசத்தில் விடுதலையான பழைய அடிதடி வழக்கை அவர் படிவத்தில் சொல்லாமல் விட்டிருந்தார். ஆனால் மன்னிப்பது மேலதிகாரியின் கையில். அந்த மன்னிப்புக்காக உச்ச நீதிமன்றம் வரை போக நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? உண்மையை எழுதி, கூடவே தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அதற்கு அந்த நகல் உங்களிடம் இருக்க வேண்டும். வழக்கு எப்படி முடிந்தாலும் சான்றிட்ட நகல் வாங்கி, ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இருபது வருஷம் கழித்துப் பழைய பதிவறையில் தேடி எடுப்பது எளிதல்ல.

ஊரை விட்டு வந்து, ஒண்டுக் குடித்தனத்தில் கஷ்டப்பட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறை நாம். அந்தப் பிள்ளைகளின் வேலையும் பயணமும் ஒரு “ஹாங் சாப்”பில் தடுக்கி நிற்க வேண்டுமா? ஒவ்வொரு வழக்கின் தன்மையும் வேறு. இங்கே நான் சொன்னது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீலின் வார்த்தையைக் கேளுங்கள். ஆனால் வக்கீலைப் பார்க்கும் வரை ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனால் அடுத்த நாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.